வெளிய பனி, உள்ள நாத்து: கனடால பிப்ரவரி மார்ச் தோட்ட வேலை, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

டொராண்டோ, ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் மே மாசக் கடைசில நர்சரிக்குப் போவாங்க, அங்க தக்காளி இருக்கும், பெரிய பெரிய குண்டுக் கத்தரி இருக்கும், குடமிளகாய் இருக்கும், ஆனா நம்ம வரிக்கத்தரி, பச்சைக்கத்தரி, குண்டு மிளகாய் எல்லாம் தேடினாலும் கிடைக்காது, தமிழ்க் கடை வாசல்ல நாத்து வச்சாலும் போன வேகத்துல தீர்ந்துடும். நம்ம காய் நமக்கு வேணும்னா வெளிய முழங்கால் அளவு பனி கெடக்கும்போதே வீட்டுக்குள்ள வேலைய ஆரம்பிச்சாகணும். இங்க வெயில் காலம் சின்னது, கத்தரியும் மிளகாயும் நிதானமா வளர்ற செடிங்க, மே மாசம் விதை போட்டா அது காய்க்கத் தயாராகும்போது அக்டோபர் குளிர் வந்து நிக்கும்.

அதனால இந்தப் பதிவுல பாதிக்கு மேல வீட்டுக்குள்ள செய்யுற வேலைதான். வெளிய செய்ய வேண்டியது கொஞ்சம்தான், செய்யக் கூடாதது நிறைய இருக்கு, அதையும் சொல்றேன்.

முதல்ல காலண்டர எடுங்க

ஊர்ல ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்வாங்க இல்லையா, டொராண்டோ பக்கம் நீங்க தேட வேண்டியது விக்டோரியா டே. அது மே 18க்கும் 24க்கும் நடுவுல வர்ற திங்கக்கிழமை. அதுக்குள்ள உறைபனி பயம் பெரும்பாலும் போயிடும், கத்தரி மிளகாய் தக்காளி எல்லாத்தையும் அந்த வாரக் கடைசிலதான் இங்க நிறைய பேர் தரைல நடுவாங்க. அங்கருந்து பின்னாடி எண்ணிக்கிட்டே வாங்க.

மிளகாய், கத்தரி ரெண்டுக்கும் 8லருந்து 10 வாரம் வேணும், அப்படின்னா மார்ச் நடுவுல விதை மண்ணுக்குள்ள போயிருக்கணும், மிளகாய் முளைக்கவே நேரம் எடுக்கும்ங்கிறதால நான் அதை பிப்ரவரி கடைசிலயே போட்டுடுவேன். தக்காளிக்கு 6லருந்து 8 வாரம், மார்ச் கடைசி போதும். தக்காளிய பிப்ரவரிலயே போடணும்னு கை அரிக்கும், போடாதீங்க, ஏப்ரல்ல அது ரெண்டடி உயரத்துக்கு ஓடி ஜன்னல்ல சாஞ்சுகிட்டு நிக்கும், வெளிய விடவும் முடியாது. பாகல், புடலை, பீர்க்கு, சுரை, வெண்டை இதுக்கெல்லாம் வேரைத் தொந்தரவு பண்ணினா பிடிக்காது, 3லருந்து 4 வாரம் முன்னாடி போட்டா போதும், அது ஏப்ரல் கடைசி வேலை, இப்ப மறந்துடுங்க.

விதை

போன வருஷம் மிச்சம் வச்ச பாக்கெட் இருந்தா தூக்கிப் போடாதீங்க, அப்படியே நம்பவும் நம்பாதீங்க. பேப்பர் டவல நனைச்சுப் பிழிஞ்சு 10 விதைய அதுல வச்சு மடிச்சு ஒரு ஜிப் கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ் மேலயோ வேற எங்கயாவது கதகதப்பாவோ வைங்க. ரெண்டு வாரத்துல 7, 8 முளைச்சா நல்ல விதை. 3, 4 தான் வந்துதுன்னா ஒரு குழிக்கு ரெண்டு மூணா போட்டுக்கலாம். தக்காளி, கத்தரி விதை நல்லா வச்சிருந்தா நாலு வருஷம் கூட தாங்கும், மிளகாய் அவ்வளவு தாங்காது, வெங்காய விதை ஒரு வருஷம் தாண்டினாலே சந்தேகம்தான்.

விதை வாங்க பிப்ரவரி மார்ச்சுல ஊருக்கு ஊர் ‘சீடி சாட்டர்டே’ன்னு விதைச் சந்தை நடக்கும், பக்கத்துல நடந்தா கண்டிப்பா போங்க, விதைய மாத்திக்கலாம், பக்கத்து ஊர்லயே வருஷா வருஷம் எடுத்த விதை கிடைக்கும், அது இந்தக் குளிருக்குப் பழகின விதை. ஊர்லருந்து விதை கொண்டு வர நினைக்கிறவங்க விதிமுறைய முன்னாடியே பாத்துக்கோங்க, ஏர்போர்ட்ல கண்டிப்பா டிக்ளேர் பண்ணுங்க, மறைச்சு கொண்டு வர்ற விஷயமே இல்ல இது, விதையோட சேந்து நோயும் பூச்சியும் வரும்.

அவரை பத்தி தனியா சொல்லணும். நம்ம ஊர் அவரைல நிறைய ரகம் பகல் சுருங்கினாதான் பூக்கும். இங்க ஜூன்ல பகல் 15 மணி நேரத்துக்கும் மேல இருக்கு, கொடி பந்தல் முழுக்க பச்சைப் பசேல்னு படரும், செப்டம்பர் வரைக்கும் ஒரு பூ வராது, பூ வந்து பிஞ்சு விடும்போது உறைபனி வந்துடும். நிறைய பேர் உரம் பத்தலைன்னு நினைச்சு இன்னும் உரத்தைக் கொட்டுவாங்க, உரத்துல குறையே இல்ல. சீக்கிரம் பூக்குற ரகம்னு, பகல் நீளம் பாக்காத ரகம்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா அந்த இடத்துல பீன்ஸ் போடுங்க.

நாத்து போடுற வேலை

தோட்டத்து மண்ணை உள்ள கொண்டு வராதீங்க, சின்ன டிரேல அது கட்டியா இறுகிடும், கூடவே பூஞ்சையும் வரும். நாத்துக்குன்னே விக்கிற லேசான கலவை வாங்குங்க, இல்ல தேங்காய் நார் கட்டிய தண்ணில ஊற வச்சு பெர்லைட் (மண்ணு இறுகாம வைக்கிற வெள்ளைக் குருணை) கலந்துக்கலாம். கட்டிய திருப்பிப் பாத்தா நிறைய நேரம் இந்தியா இல்லன்னா ஸ்ரீலங்கான்னு போட்டிருக்கும், நம்ம ஊர்த் தென்னைதான். பழைய டிரே இருந்தா சோப்பு போட்டுக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச் ஒன்பது பங்கு தண்ணில பத்து நிமிஷம் ஊற வச்சு நல்லா அலசிட்டு உபயோகிங்க.

கலவைய முதல்லயே நனைச்சு, கைல பிடிச்சா உருண்டை நிக்கணும் ஆனா தண்ணி சொட்டக் கூடாது, அந்தப் பதத்துல டிரேல நிரப்புங்க. விதைய அரை சென்டிமீட்டர் ஆழத்துல வச்சு லேசா மூடி, மேல பிளாஸ்டிக் மூடி போட்டு, பேரும் தேதியும் எழுதி சொருகிடுங்க, எந்த மிளகாய் எதுன்னு ஜூலை வரைக்கும் தெரியாம தவிக்க வேண்டாம்.

முளைக்கிற வரைக்கும் வெளிச்சம் முக்கியமில்ல, சூடுதான் முக்கியம். மிளகாய்க்கும் கத்தரிக்கும் மண்ணு 25லருந்து 30 டிகிரி சூட்டுல இருக்கணும், நம்ம வீட்டு ஹீட்டிங் 20, 21ல இருக்கும், பேஸ்மென்ட் அதுலயும் கம்மி. அதனாலதான் மிளகாய் மூணு வாரமாச்சு வரலைன்னு கவலைப்படுறாங்க. நாத்து டிரேக்கு அடில வைக்கிற ஹீட் மேட் ஒண்ணு வாங்கிட்டா ஒண்ணு ரெண்டு வாரத்துல தலை காட்டும். முதல் முளை வந்ததும் பிளாஸ்டிக் மூடிய எடுத்துடுங்க, பெரும்பாலானது முளைச்சதும் மேட்டையும் எடுத்துடுங்க.

அதுக்கப்புறம் எல்லாமே வெளிச்சம். மார்ச் மாச ஜன்னல் வெளிச்சம், அது தெற்குப் பாத்த ஜன்னலா இருந்தாலும் சரி, பத்தவே பத்தாது, நாத்து நூல் மாதிரி நீண்டு வெளுத்துப் போய் ஒரு பக்கமா சாயும். ஹார்ட்வேர் கடைல கிடைக்கிற சாதாரண வெள்ளை எல்இடி டியூப் லைட் போதும், ஊதா கலர்ல ஜொலிக்கிற விலை கூடின லைட்டெல்லாம் இதுக்குத் தேவையில்ல. சங்கிலில தொங்கவிட்டு நாத்துக்கு மேல ஏழெட்டு சென்டிமீட்டர்ல வைங்க, செடி வளர வளர லைட்ட ஏத்துங்க, இலை வெளுத்தா கொஞ்சம் தூக்கி வைங்க. ஒரு டைமர் போட்டு தினமும் 14லருந்து 16 மணி நேரம் எரியட்டும், ராத்திரி அணைஞ்சிருக்கணும்.

தண்ணிய மேல ஊத்தாம கீழ டிரேல ஊத்தி அரை மணி நேரம் கழிச்சு மிச்சத்தைக் கொட்டிடுங்க. இது ஏன்னா நாத்தழுகல்னு ஒண்ணு இருக்கு, நேத்து நல்லா நின்ன நாத்து காலைல பாத்தா மண்ணு மட்டத்துல தண்டு சுருங்கி கயிறாத் திரிஞ்சு கீழ விழுந்து கெடக்கும். வந்துட்டா அந்த நாத்தைக் காப்பாத்த முடியாது, பிடுங்கிப் போடுங்க. வராம தடுக்கலாம், மேல் மண்ணு அப்பப்ப காயணும், காத்தோட்டம் வேணும், ஒரு சின்ன ஃபேன மெதுவா ஓடவிட்டா போதும், அந்தக் காத்துல ஆடி ஆடி தண்டும் கெட்டியாகும்.

முதல்ல வர்ற ரெண்டு இலை விதைக்குள்ளயே இருந்தது, அதுக்கப்புறம் வர்றதுதான் நிஜமான இலை. அது ஒரு ஜோடி வந்து விரிஞ்சதும் பாக்கெட்ல சொன்னதுல பாதி அளவு உரத்தைத் தண்ணில கலந்து வாரம் ஒரு தரம் குடுங்க, சின்ன கப்புக்கு மாத்துங்க. மாத்தும்போது தண்டைப் பிடிக்காம இலையைப் பிடிச்சுத் தூக்குங்க, இலை போனா இன்னொண்ணு வரும், தண்டு நசுங்கினா அவ்வளவுதான். தக்காளிய கழுத்து வரைக்கும் புதைக்கலாம், தண்டுலயே வேர் விடும். கத்தரி மிளகாய முன்னாடி இருந்த ஆழத்துலயே வைங்க.

கறிவேப்பிலை, மல்லிகை

குளிர் காலம் முழுக்க வீட்டுக்குள்ள இருந்த கறிவேப்பிலை பிப்ரவரில பாக்கவே பாவமா இருக்கும், பாதி இலை கொட்டி குச்சியா நிக்கும். செத்துடுச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி நகத்தால தோல லேசா கீறிப் பாருங்க, உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்கு. இலை இல்லாத செடிக்குத் தண்ணி நிறைய ஊத்துறதுதான் நிறைய வீட்டுல அதைக் கொல்லுது, இலை இல்லன்னா அது தண்ணிய இழுக்காது, வேர் அழுகும். விரல ரெண்டு கணு உள்ள விட்டுப் பாத்து காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க.

மார்ச்சுல பகல் நீள ஆரம்பிச்சதும் கொழுந்து வரும், அதுதான் வேலை செய்யுற நேரம். முதல்ல பூச்சி பாருங்க. இலைய திருப்பி தண்டும் காம்பும் சேர்ற மூலைல பாத்தா பழுப்பு நிறத்துல சின்னச் சின்ன மேடா ஒட்டிக்கிட்டு இருக்கும், செடியோட பாகம்னே தோணும், நகத்தால நெம்பினா கழண்டு வரும், அதுதான் செதில் பூச்சி. இலையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டினாலும் அதே சந்தேகம்தான். ஷவர்ல நிக்க வச்சு வெதுவெதுப்பான தண்ணில கழுவி, ஒவ்வொண்ணையும் ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சால துடைச்சு எடுத்துட்டு, பூச்சிக்கான சோப்புக் கரைசல் அடிங்க, வாரம் ஒரு தடவைன்னு மூணு நாலு வாரம் விடாம செய்யணும், ஒரு தடவைல போகாது.

அப்புறம் நீளமா ஒத்தைக் குச்சியா போன கிளைய மூணுல ஒரு பங்கு வெட்டுங்க, ரெண்டு மூணு பக்கம் பிரிஞ்சு வரும். வேர் தொட்டி ஓரத்தைச் சுத்தி ஓடியிருந்தா ஒரே ஒரு சைஸ் பெரிய தொட்டிக்கு மாத்துங்க, ரொம்பப் பெருசா வேண்டாம், மண்ணுல ஈரம் தேங்கும். மல்லிகையும் இதே நேரத்துல வெட்டலாம், பூ வர்றது புதுக் கிளைலதான். ரெண்டையும் ராத்திரி குளிர் 10 டிகிரிக்குக் கீழ போகாத காலம் வந்தப்புறம்தான் வெளிய வைக்கணும், முதல் வாரம் நிழல்ல. எங்க பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா ஏப்ரல்ல ஒரு நாள் வெயில் அடிச்சாலே வேலி ஓரம் வந்து சொல்லுவாங்க, “பிள்ளை, வெயிலைப் பாத்து ஏமாறாதேங்கோ, கறிவேப்பிலையை இப்ப வெளியிலை விட்டிடாதேங்கோ”ன்னு. அவங்க வீட்டுச் செடி ஆள் உயரம்.

இடமில்லாதவங்களுக்கு டப்பா விதைப்பு

ஸ்பினாச், கொத்தமல்லி, லெட்டூஸ், கேல் மாதிரி குளிர் தாங்குறதுக்கு லைட்டும் வேணாம் மேட்டும் வேணாம். தெளிவான பிளாஸ்டிக் கேன் வேணும், ஒன்டாரியோல பால் நிறைய பேர் பைலதான் வாங்குறோம், அதனால 4 லிட்டர் தண்ணி கேன் பாருங்க. அடில ஓட்டை போட்டு, நடுவுல சுத்தி வெட்டி ஒரு பக்கம் கீல் மாதிரி விட்டு, பத்து சென்டிமீட்டர் மண்ணு போட்டு விதைச்சு தண்ணி காட்டி, டேப் ஒட்டி மூடிய திறந்தே விட்டு வெளிய பனிலயே வச்சிடுங்க. நாள் வெதுவெதுப்பானதும் தானா முளைக்கும். அரைக்கீரை, சிறுகீரைக்கு இது ஒத்து வராது, அதுக்கு சூடு வேணும்.

கவாத்து

ஆப்பிள், பேரி, திராட்சை இருந்தா மொட்டு வீங்கறதுக்கு முன்னாடி, பிப்ரவரி கடைசிலருந்து மார்ச்சுக்குள்ள வெட்டிடுங்க. செத்தது, நோய் பிடிச்சது, ஒண்ணோட ஒண்ணு உரசுறது முதல்ல. ஆப்பிள்ல மொத்தத்துல கால் பங்குக்கு மேல எடுக்காதீங்க. திராட்சைக்கு மட்டும் மனசைக் கல்லாக்கிக்கணும், போன வருஷம் வளர்ந்ததுல முக்கால்வாசிக்கு மேல போயிடணும், அப்பதான் காய் வரும்.

லைலாக், ஃபோர்சித்தியா, மேக்னோலியா மாதிரி வசந்தத்துல பூக்குற செடிய இப்ப தொடாதீங்க, மொட்டு போன வருஷமே வந்து உக்காந்திருக்கு, வெட்டினா இந்த வருஷப் பூ போச்சு. ரோஜாவுக்கு, தெருவுல ஃபோர்சித்தியா மஞ்சளாப் பூக்குறப்ப வெட்டுங்க. ஓக் மரம் இருந்தா ஏப்ரலுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க, 2023ல நயாகரா பக்கம் ஓக் வாடல் நோய் வந்திருக்கு, வசந்தத்துல வெட்டின புதுக் காயத்துலதான் வண்டு அதைக் கொண்டு வரும்.

வெளிய கை வைக்கக் கூடாத இடங்கள்

டிரைவ்வேல உப்பு போட்ட பனிய வாரி பாத்தி மேல கொட்டாதீங்க, அந்த உப்பு மண்ணுல தங்கும். தானா விழுந்த பனி இருக்கட்டும், அது வேருக்குப் போர்வை.

மார்ச்சுல ஒரு நாள் 12 டிகிரி வந்தா உடனே ரேக்க எடுத்துக்கிட்டு இலைய வாரிடாதீங்க, அந்த இலைக்கு அடிலயும் காஞ்ச தண்டுக்குள்ளயும் தேனீ, வண்ணத்துப்பூச்சிக் கூடு எல்லாம் தூங்கிட்டு இருக்கு. நமக்கு பூசணிக்கும் பீர்க்குக்கும் மகரந்தம் சேக்க வரப்போறது அதுங்கதான். பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல நின்னப்புறம் வாருங்க.

பனி கரைஞ்ச ஈர மண்ணுல நடக்காதீங்க, கொத்தாதீங்க, டொராண்டோ பக்கம் நிறைய இடம் களிமண்ணு, ஈரத்துல மிதிச்சா இறுகி வருஷம் பூரா செங்கல்லா கெடக்கும். ஒரு கை மண்ணை எடுத்து உருண்டை பிடிச்சு விரலால தட்டுங்க, உதிர்ந்தா கொத்தலாம், அப்படியே நின்னா இன்னும் ஒரு வாரம் விடுங்க. உதிர ஆரம்பிச்சதும் ரெண்டு மூணு சென்டிமீட்டர் கம்போஸ்ட் மேல பரப்பி, அதே வாரம் பட்டாணி, ஸ்பினாச், முள்ளங்கி நேரா தரைல போட்டுடலாம், அதுங்களுக்கு லேசான உறைபனி ஒண்ணும் பண்ணாது.