தரங்கம்பாடியில் தொடங்கும் கோபன்ஹேகன் பயணம்: மூன்று நாட்களுக்கான திட்டம்

விடிகாலையில் வேன் ஏறி, கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் இரவுக்குள் தரிசித்துத் திரும்புவது நம் பக்கத்து வழக்கம். ஐரோப்பாவுக்கும் அதே வேகத்தில் புறப்படுபவர்கள், பத்து நாட்களில் ஆறு நாடுகள் என்று கணக்கிட்டு, பாதி நேரத்தைப் பேருந்திலேயே கழித்துவிடுகிறார்கள். சில நாட்களே கைவசம் இருந்தால் ஒரே நகரத்தைத் தேர்ந்து, அதற்குள்ளும் ஏதேனும் ஒரு சரட்டைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது நல்லது. டெல்டாவில் வாழ்பவர்களுக்கு, டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு இட்டுச்செல்லும் அந்தச் சரடு தரங்கம்பாடியிலேயே கிடைக்கிறது. தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதருக்கும் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கும் 1620-ல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பேரில்தான் அங்கே டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும் வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, அவ்வூர் டேனியர் வசமே இருந்தது.

ஆகவே பயண ஏற்பாட்டின் முதல் வேலையாக, ஒரு முற்பகலைத் தரங்கம்பாடிக்கு ஒதுக்குங்கள். கோட்டையையும், 1792-ல் கட்டப்பட்ட நகர வாயிலையும், 1718-ல் கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் உள்ள நான்காம் பிரெடரிக் அரசரின் முத்திரையையும் பார்த்து வைத்துக்கொண்டால், கோபன்ஹேகனில் காணும் அரச முத்திரைகள் அந்நியமாகத் தோன்றா.

காலத்தைத் தேர்வதில் நமக்கு அதிகத் தயக்கம் தேவையில்லை. சம்பா அறுவடை முடிந்து, பிள்ளைகளுக்கும் விடுமுறை விட்டிருக்கும் மே மாதமே பொருத்தமானது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பே குறுவை வேலைக்குத் திரும்பிவிடலாம். கோபன்ஹேகனில் மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆனால் கம்பளிச் சட்டை இல்லாமல் மாலையில் வெளியே நடக்க முடியாது. டிசம்பரில் சென்றால் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

டென்மார்க் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சாதாரணமாக 15 நாட்களில் தெரியும் என்றாலும் சில வேளைகளில் 45 நாட்கள் வரை நீளும் என்பதால், மே மாதப் பயணத்துக்குப் பிப்ரவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். டென்மார்க்கின் நாணயமோ யூரோ அன்று, குரோன்.

விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு மெட்ரோவில் கால் மணி நேரமே ஆகும். இறங்கிய நாளில் அருங்காட்சியகம் எதுவும் வைத்துக்கொள்ளாமல், நியூஹாவ்ன் கால்வாய்க் கரையிலிருந்து அமாலியன்போர்க் அரண்மனை வழியாகச் சிறு கடற்கன்னி சிலை வரை நடந்தால் போதும். நகரின் புகழ்பெற்ற அடையாளமான அச்சிலை 1.25 மீட்டர் உயரமே கொண்டது என்பதை முன்கூட்டியே அறிந்து செல்லுங்கள். பெரிதாக எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் ஏராளம்.

இரண்டாம் நாள் முழுவதையும் நான்காம் கிறிஸ்டியனுக்கே விட்டுவிடலாம். அவர் கட்டிய ரோசன்போர்க் கோட்டையில்தான் அரச மணிமுடிகள் வைக்கப்பட்டுள்ளன. நுழைவுச்சீட்டை இணையத்தில் நேரம் குறித்து வாங்கிவிடுவது நலம். அங்கிருந்து நடக்கும் தொலைவிலேயே, அவர் காலத்தில் 1642-ல் முடிந்த வட்டக் கோபுரம் உள்ளது. அதனுள் ஏறுவதற்குப் பெரும்பாலும் படிகள் இல்லை, சுற்றிச் சுற்றிச் செல்லும் சாய்தளம்தான். முழங்கால் வலியுள்ள பெற்றோரும் நிதானமாக ஏறலாம் என்றாலும், உச்சியில் குறுகிய படிகள் சில உண்டு.

மூன்றாம் நாள் கிறிஸ்டியான்ஸ்ஹாவ்ன் பகுதிக்குச் சென்று, ஆசிய வணிகக் கம்பெனியின் பழைய கட்டடங்கள் நிற்கும் துறைமுக ஓரத்தைப் பாருங்கள். நம் கரையோடு வாணிபம் நடத்தியவர்களின் சரக்கு வந்திறங்கிய இடம் அது என்பதால், என்னைப் பொறுத்தவரை மணிமுடிகளைவிட இதற்கே கூடுதல் நேரம் தரலாம். போகும் வழியில் உள்ள பழைய பங்குச் சந்தைக் கட்டடம் 2024 ஏப்ரலில் தீப்பிடித்து ஏறக்குறையப் பாதி அழிந்தது. நேரம் மிஞ்சினால் ரயிலில் அரை மணியில் ரோஸ்கில்டே சென்று, கிறிஸ்டியனும் பிரெடரிக்கும் அடக்கம் செய்யப்பட்டுள்ள பேராலயத்தைப் பார்த்துவிடலாம். அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதை நாள் குறிக்கும்போதே கவனியுங்கள். நடைபாதையை ஒட்டிய சைக்கிள் பாதையில் மறந்தும் நடக்காதீர்கள்.

சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சல் எடுத்துச் செல்பவர்கள் அதைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். நெய், பால்கோவா உள்ளிட்ட பால் பொருட்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. கும்பகோணம் வெற்றிலைக்கும் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அந்தத் தொல்லை இல்லை.