பழைய போட் மோட்டாரில் பெட்ரோல் வழிகிறதா?

பவானிசாகர் அணையில் தண்ணீர் ஏறிவிட்டால் லிங்காபுரம், காந்தவயல் பக்கம் படகைத்தான் நம்பிய காலம் உண்டு. படகு எடுக்கும் நேரம் பார்த்து கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பெட்ரோல் வழிந்தால், உடனே புதுசு வாங்கக் கிளம்பாதீர்கள். கோளாறு பெரும்பாலும் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி வால்விலோ, பெட்ரோல் மட்டத்தோடு ஏறி அந்த ஊசியை மூடவைக்கும் மிதவையிலோதான் இருக்கும்.

கார்புரேட்டரைக் கழற்றி, அடிக்கிண்ணத்தை எடுத்துவிட்டுத் தலைகீழாகப் பிடியுங்கள். பெட்ரோல் வரும் வாயில் சுத்தமான ட்யூப் மாட்டி மெல்ல ஊதுங்கள். காற்று போகவே கூடாது. போனால் ஊசி முனையை வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் மோதிரம் போலத் தடம் விழுந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். வெறும் தூசி என்றால் துடைத்தால் போதும்; கம்பி விட்டுக் குடைய வேண்டாம். மிதவையைக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது ஓட்டை.

அப்புறம், டேங்கிலிருந்து வரும் ட்யூபில் இருக்கும் ரப்பர் பல்பு கெட்டியானதும் அமுக்குவதை நிறுத்திவிடுங்கள். சிந்திய பெட்ரோலைத் துடைக்காமல் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுக்கவே இழுக்காதீர்கள்.