சின்ன லோரியில் டிரிஃப்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்பு) டேவானில், அதாவது பொது மண்டபத்தில், பூப்பந்துக்காரர்கள் கிளம்பியதும் ரிமோட் லோரிப் பசங்கள் வந்துவிடுவார்கள். பாதிப் பேர் கையில் இருப்பது டபிள்யூபிஎல் டி12. சுசுக்கி கேரியை 1/10 அளவில் சுருக்கிய குட்டி லோரி, இழுப்பது பின் சக்கரம். டிரிஃப்ட், அதாவது வளைவில் பின் சக்கரத்தை வழுக்கவிட்டு ஓட்டுவது, பழக இதைவிடத் தோதான வண்டி இந்த விலையில் கிடைப்பது அரிது. ஆனால் புதிதாக வரும் தம்பிகள், ஆரம்பத்தில் நான் காசைக் கரைத்த அதே வழியில் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சார்ஜ் போட மறப்பது, ஸ்குரு கழல்வது எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் வேலையாக மோட்டார் மாற்றுவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதற்குத்தான்.

தோட்டத்திலிருந்து வரும் ஒரு தம்பி, சம்பளக் காசில் லோரி வாங்கினான். கூடவே பெரிய மோட்டார், 3எஸ் (மூன்று செல்) லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. "பவர் பத்தாதுண்ணே, கடையில் சொன்னாங்க" என்றான். டயர் மட்டும் பெட்டியில் வந்த அதே ரப்பர். டேவான் தரையில் இரண்டு வட்டம் அடித்தான், மூன்றாவதில் கருகல் வாடை. மூடியைக் கழற்றினால் சர்க்யூட் பலகையில் இருபது சென் காசு அளவுக்குப் பழுப்பு வட்டம். கியர் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பற்கள் தேங்காய்த் துருவல் மாதிரி உதிர்ந்து கிடந்தன.

காரணம் எளிது. ரப்பர் டயர் சிமெண்டைப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் திணறும். திணறுகிற மோட்டார்தான் அதிகமாக மின்சாரம் இழுக்கும். சுழல முடியாமல் நின்றே போனால் உச்சபட்சம். 2எஸ் லிப்போ முழு சார்ஜில் 8.4 வோல்ட், 3எஸ் 12.6 வோல்ட். பொம்மை ரக பலகை அந்த வோல்ட்டுக்குச் செய்ததல்ல. இந்த மாதிரி வண்டிகளில் ரிசீவரும் வேகக் கட்டுப்பாடும் பெரும்பாலும் ஒரே பலகையில் இருக்கும். அது எரிந்தால் கையிலிருக்கும் ரிமோட்டும் வீண். மோட்டாருக்குக் கொடுத்த காசு போக, ரிசீவர், ஈஎஸ்சி (வேகக் கட்டுப்பாட்டுப் பலகை), ரிமோட் என்று எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். அந்தத் தம்பி லோரியை அலமாரி மேலே வைத்துவிட்டான். இப்போது டேவான் பக்கமே வருவதில்லை. எனக்கு வயிறு எரிவது அதற்காகத்தான்.

டிரிஃப்ட் என்றால் பின் சக்கரம் பிடி விட வேண்டும். அதற்கு இரண்டு வழி: பவரைக் கூட்டுவது, பிடியைக் குறைப்பது. இரண்டாவதற்கு ஆகும் செலவு ஒரு துண்டு பிவிசி குழாய். பின் சக்கரத்தைக் கையோடு ஹார்ட்வேர் கடைக்கு எடுத்துப் போங்கள். அளவைச் சொல்லி வாங்காதீர்கள், போட்டுப் பார்த்து வாங்குங்கள். சற்றே இறுக்கமான குழாய்தான் வேண்டும். டயர் அகலத்துக்கு வளையமாக அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, கொதிநீரில் கொஞ்ச நேரம் போட்டால் இளகும். துணியால் பிடித்து டயர் மேல் அழுத்துங்கள், ஆறியதும் கவ்விக்கொள்ளும். வளையம் கோணலாக உட்கார்ந்தால் வண்டி நடுங்கும். மறுபடி கொதிநீரில் காட்டி நேராக்குங்கள். இதைப் போட்ட பிறகு, பெட்டியில் வந்த மோட்டாரே வாலை வீசும். அதற்குப் பிறகும் பவர் போதவில்லை என்றால், முதலில் தனி ஈஎஸ்சி, பிறகு மோட்டார். வரிசையை மாற்றாதீர்கள்.

குழாய்க்குப் பதில் டயரில் கறுப்பு டேப் சுற்றுவது

வேண்டாம். சூட்டில் பசை இளகி டேப் நழுவும், டேவான் தரையிலும் ஒட்டும். பிறகு நம்மை உள்ளே விடமாட்டார்கள்.

நாலு சக்கரத்துக்கும் வளையம் போடுவது

பெரிய டிரிஃப்ட் கார்களைப் பார்த்துச் செய்கிறார்கள். அவற்றின் முன் சக்கரம் மிக அதிகக் கோணம் திரும்பும், மோட்டாரும் வேறு. நம் லோரியில் முன்னாலும் வழுக்கினால் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேரே போய்ச் சுவரில்தான் நிற்கும். பழகும்வரை பின்னால் மட்டும் போதும்.

ஜைரோவைத் திசை பார்க்காமல் பூட்டுவது

ஜைரோ என்பது வண்டி திரும்புவதை உணர்ந்து ஸ்டியரிங்கைத் தானாகத் திருத்தும் சின்னக் கருவி. வால் வீசும்போது எதிர்ப் பக்கம் ஸ்டியரிங் ஒடிப்பது நம் விரலைவிட ஜைரோவுக்கு வேகமாக வரும். திசை தலைகீழாக இருந்தால் அதுவே வண்டியைச் சுழற்றிவிடும். "இந்த லோரி டிரிஃப்ட்டுக்கு ஆகாதுண்ணே" என்று வருகிற வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். சுவிட்ச் போட்டதும் சில விநாடி அசைக்காமல் வையுங்கள். பிறகு கையில் தூக்கி, மூக்கை வெடுக்கென்று இடது பக்கம் திருப்புங்கள். முன் சக்கரங்கள் வலது பக்கம் ஓட வேண்டும். அவையும் இடது பக்கமே போனால் ஜைரோவில் உள்ள ரிவர்ஸ் சுவிட்சை மாற்றுங்கள். ஓடும்போது முன் சக்கரம் படபடவென்று ஆடினால் கெயின் (ஜைரோ எவ்வளவு திருத்துகிறது என்ற அளவு) கூடிவிட்டது, குறையுங்கள்.

ஜைரோ வாங்கும் முன் ஸ்டியரிங் சர்வோவின் (முன் சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டாரின்) ஒயரை எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்து ஒயர் என்றால் கடையில் விற்கும் ஜைரோ சேராது, மூன்று ஒயர் சர்வோ வேண்டும்.

டிஃபரன்ஷியலைக் கவனிக்காமல் விடுவது

இரண்டு பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்தான் டிஃபரன்ஷியல். வண்டியைத் தூக்கி ஒரு பின் சக்கரத்தைச் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டவில்லை என்று அர்த்தம். வளைவில் உள்பக்கச் சக்கரம் மட்டும் வெறுமனே சுழலும், வால் வராது. இரண்டும் சேர்ந்தே சுழலும்படி பூட்டிவிடுங்கள்.

லோரித் தட்டில் பேட்டரி வைப்பது

கவிழும். சேஸிக்குள் தாழ்வாக வையுங்கள்.

லிப்போவை உயிர் போகும்வரை ஓட்டுவது

ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. பொம்மை ரக பலகை பலவற்றில் தானாக நிறுத்தும் வசதி இல்லை. பேட்டரியில் செருகும் சின்ன அலாரம் மலிவாகக் கிடைக்கிறது, 3.5 வோல்ட்டில் கத்தும்படி வையுங்கள். உப்பிய பேட்டரியை இன்னொரு முறை சார்ஜ் போடவே போடாதீர்கள், அது தீப்பிடிக்கும் பொருள். படுக்கை அறையில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிற தம்பிகளுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

டேவானுக்கு வெளியே தார் ரோட்டில் பழகுவது

செம்பனை லோரிகள் போகிற ரோடு அது. மணல் கியருக்குள் போகும், வளையம் ஒரே மாலையில் தேயும், பின்னால் வருகிற லோரிக்காரருக்கு உங்கள் வண்டி கண்ணுக்கே தெரியாது. டேவான் பூட்டியிருந்தால் வீட்டுக்குப் போங்கள்.