ஈபி நம்பர் தேடி அலைஞ்சதுல கிடைச்ச ஆப்

ஈபி பில் கட்டணும்னா சர்வீஸ் நம்பர் எங்கன்னு ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை வீட்ல ஒரு கலவரமே நடக்கும். அது வாட்ஸப்ல எனக்கு நானே அனுப்பின மெசேஜ்ல கிடக்கும், அப்பாவோட மாத்திரை லிஸ்ட் போன்ல, பைக் இன்சூரன்ஸ் தேதி ஆபீஸ் லேப்டாப்ல ஏதோ ஒரு நோட்பேட் ஃபைல்ல. முன்னாடி இதுக்குன்னு ஒரு நோட்ஸ் ஆப் வெச்சிருந்தேன், நல்லாத்தான் ஓடுச்சு, திடீர்னு இலவசத்துக்கு இவ்ளோதான்னு கைய விரிச்சிட்டாங்க, பேர் வேணாம் விடுங்க.

வீட்ல லினக்ஸ், ஆபீஸ்ல விண்டோஸ், கையில ஆண்ட்ராய்டு, மூணுலயும் ஓடணும், நெட் இல்லன்னாலும் திறக்கணும். கடைசியில ஜாப்ளின்ங்கிற நோட்ஸ் ஆப்ல வந்து நின்னேன். ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது, நோட்ஸ் எல்லாம் மார்க்டவுன், அதாவது எங்கயும் திறக்கிற சாதா டெக்ஸ்ட், பிடிக்கலன்னா மூட்டை கட்டிக்கிட்டு வேற இடம் போயிடலாம். மூணு இடத்துலயும் ஒரே நோட்ஸ் இருக்கணுமே, அந்த சிங்க்குக்கு என் டிராப்பாக்ஸையே கொடுத்துட்டேன்.

ஒரு இடத்துல சறுக்கிச்சு. சிங்க் டீஃபால்ட்டா 5 நிமிஷத்துக்கு ஒருதடவைதான், நான் போன்ல மளிகை லிஸ்ட்ட திருத்திட்டு அது ஏறுறதுக்குள்ள லேப்டாப்லயும் திருத்த, ரெண்டும் மோதி ஒண்ணு கான்ஃப்ளிக்ட்ஸ் நோட்புக்குக்குப் போயிடுச்சு, துவரம்பருப்பு 1 கிலோ எங்கடான்னு தேடினா அங்க உக்காந்திருக்கு. இப்போ சிங்க் பட்டன ஒரு தட்டு தட்டிட்டுத்தான் மூடுறேன்.

அப்புறம் நோட்ஸ வேற யாரும் படிக்க முடியாம பூட்டுற என்க்ரிப்ஷன நாமதான் ஆன் பண்ணணும். அந்தப் பூட்டுக்கு வெக்கிற மாஸ்டர் பாஸ்வேர்ட அதே ஆப்புக்குள்ள எழுதி வெக்காதீங்க. நான் வெச்சேன்.