ரோன் 97-க்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பினாங்கில் நம்மவர்கள் இரண்டு பேர் சேர்ந்து காரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், "மாதத்துக்கு ஒரு தடவையாவது 97 ஊற்று தம்பி, என்ஜின் நன்றாக இருக்கும்" என்ற அறிவுரை எப்படியும் வந்து விழும். 97 என்பது ரோன் 97 பெட்ரோல், வழக்கமாக ஊற்றும் ரோன் 95-ஐவிட விலை கூடியது. சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அதற்காக நாம் கொடுக்கும் பணம் இப்போது சிறிய பணமல்ல. 2025 செப்டம்பர் இறுதியில் புடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஓட்டுநர் உரிமம் உள்ள மலேசியக் குடிமக்களுக்கு ரோன் 95 ஒரு லிட்டர் 1.99 ரிங்கிட் என்றும், மாதத்துக்கு 300 லிட்டர் வரை அந்த விலையில் வாங்கலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. மானியமில்லாத ரோன் 95 அப்போது 2.60 ரிங்கிட்டுக்கு விற்றது. ரோன் 97-க்கு மானியம் கிடையாது. சந்தை நிலவரத்தை ஒட்டி அதன் விலை வாரந்தோறும் மாறுகிறது. ஆகவே 97 ஊற்றலாமா என்பதைக் கேள்விஞானத்தால் தீர்மானிக்காமல், உங்கள் காரையே கேட்டுத் தீர்மானிப்பது நல்லது. அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்பது தெளிவாக வேண்டும். ரோன் என்பது பெட்ரோலின் பலத்தை அளக்கும் எண் அன்று. சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து அமுக்கப்படும்போது வெப்பம் ஏறுகிறது. ஸ்பார்க் பிளக் பொறி கொடுத்து முறையாக எரியத் தொடங்கியபின், இன்னும் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை அந்த வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடித்தெரிந்தால், அதைத்தான் பட்டறையில் நாக்கிங் என்கிறார்கள். அப்படித் தானாக வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதையே ஆக்டேன் எண் சொல்கிறது. ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, அவ்விரண்டின் கலவைகளோடு ஒப்பிட்டு இந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். ஒரு லிட்டர் 97-இல் ஒரு லிட்டர் 95-ஐவிடக் கூடுதல் சக்தி அடைபட்டிருக்கிறது என்று எண்ணுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

இனி காரிடம் செல்வோம். பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடிக்கு வெளியே உள்ள சிறு கதவைத் திறந்து, அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அங்கே ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். வெயிலில் மங்கிப்போயிருந்தால் கைபேசி விளக்கை அடித்துப் படியுங்கள். தாள் இல்லையென்றால் கையேட்டில் எரிபொருள் பற்றிய பக்கத்தைப் புரட்டுங்கள். "குறைந்தது ரோன் 95" என்று எழுதியிருந்தால், உங்கள் என்ஜினை உருவாக்கியவர்கள் அதன் அமுக்க விகிதத்தையும் (கலவை எவ்வளவு அமுக்கப்படுகிறது என்பதையும்) பொறி விழும் நேரத்தையும் 95-ஐ மனத்தில் வைத்தே அமைத்திருக்கிறார்கள் என்று பொருள். நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் ஓடும் பெரோடுவா, புரோட்டோன் வகைகள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். "97" அல்லது "98" கட்டாயம் என்றிருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, அதைத்தான் ஊற்ற வேண்டும். "95 போதும், ஆனால் 98 சிறந்தது" என்ற மூன்றாவது வகை ஒன்று உண்டு. சில ஐரோப்பியக் கார்களும் டர்போ வைத்த வேகக் கார்களும் இதில் வரும். உண்மையில் யோசிக்க வேண்டியவர்கள் இந்தக் கார்களை வைத்திருப்பவர்கள் மட்டுமே.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையத்தில் பார்க்கும் எண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிடாதீர்கள். அமெரிக்காவில் பெட்ரோல் பம்பில் எழுதியிருக்கும் எண் ரோன் அன்று. அது இரண்டு வகை ஆக்டேன் அளவைகளின் சராசரி. அங்கே சாதாரண பெட்ரோல் என்று விற்கும் 87 ஏறக்குறைய நம் அளவில் ரோன் 91, 92. அங்கே உயர்தரம் என்று விற்கும் 91 ஏறக்குறைய நம் ரோன் 95, 96. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்திருக்கும் தமிழ்நாட்டு அன்பர்களுக்கும் இதையே சொல்ல வேண்டியிருக்கிறது. ஊரில் நெடுங்காலம் சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேனாகத்தான் இருந்தது. அங்கே எக்ஸ்பி 95 என்ற உயர்தரப் பெட்ரோலாகக் கூடுதல் விலைக்கு விற்றதன் ஆக்டேன் அளவுதான் இங்கே எல்லா நிலையத்திலும் சாதாரணமாகக் கிடைக்கிறது. அங்கே எடுத்த காணொளியில் "பிரீமியம் ஊற்றியதும் கார் பறக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அவர் பேசுவது ஒருவேளை நம் ரோன் 95-ஐப் பற்றியதாகவே இருக்கலாம்.

அடுத்தது விலைக் கணக்கு. ரோன் 97 லிட்டர் 3.20 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரத்து விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 40 லிட்டருக்கு மானிய 95 என்றால் 79.60 ரிங்கிட், 97 என்றால் 128 ரிங்கிட். ஒரு தடவைக்கு 48.40 கூடுதல். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும் கார், இந்தக் கூடுதல் பணத்தை ஓட்டத்திலேயே திருப்பித் தர வேண்டுமானால், 97-இல் லிட்டருக்கு 22.5 கிலோமீட்டர் ஓட வேண்டும். எந்தப் பெட்ரோலும் இதைச் செய்யாது. மானியம் இல்லாமல் 2.60-க்கு வாங்குபவருக்குக்கூட நூற்றுக்கு 23 பங்கு கூடுதல் ஓட்டம் தேவைப்படும். அமெரிக்காவின் டிரிப்பிள் ஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2016-இல் சோதித்தபோது, சாதாரண பெட்ரோலுக்காக வடிவமைத்த கார்களுக்கு உயர்தரப் பெட்ரோலால் பலனில்லை என்று கண்டது. 2017-இல் உயர்தரம் "பரிந்துரைக்கப்படும்" கார்களையும் சோதித்தது. அவற்றில் கிடைத்த சராசரி சிக்கனம் 2.7 விழுக்காடு, கூடுதல் திறன் 1.4 விழுக்காடு. பலன் இருக்கிறது, ஆனால் விலை வித்தியாசத்துக்கு அது ஈடாகவில்லை.

இருந்தும் சொந்தக் கண்ணால் பார்த்தால்தான் மனம் ஆறும் என்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே நிலையத்தில், ஒரே பம்பில், குழாய் முதல் தடவை "டக்" என்று நின்றவுடன் நிறுத்தி நிரப்புங்கள். அதற்கு மேல் அழுத்தி நிரப்ப வேண்டாம். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, அடுத்த முறை நிரப்பும்போது ரசீதில் உள்ள லிட்டரால் அந்தத் தூரத்தை வகுத்து ஒரு சிறு நோட்டில் எழுதுங்கள். 95-இல் மூன்று டேங்க், 97-இல் மூன்று டேங்க். 97-க்கு மாறும் முதல் டேங்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய பெட்ரோல் அடியில் கலந்திருக்கும், என்ஜினின் கணினியும் பழகிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். டயர் காற்று எல்லா வாரமும் ஒரே அளவில் இருக்கட்டும். பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து வேலைக்குப் போய்வரும் நாட்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூச வாரத்தில் தண்ணீர்மலைப் பக்கம் நெரிசலில் ஊர்ந்த கணக்கு எதற்கும் உதவாது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் 97-க்குப் போவது இதே காரணத்தால்தான். பாயா தெருபோங் பக்கமிருந்து துன் சார்டோன் சாலையில் பாலேக் பூலாவுக்கு ஏறும்போது, கொண்டை ஊசி வளைவு முடிந்து காலை அழுத்தினால், என் பழைய காரின் முன்பக்கத்திலிருந்து தகர டப்பாவில் பத்து சென் காசுகளைப் போட்டுக் குலுக்குவது போன்ற மெல்லிய சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒரு பட்டறையில் காட்டினேன். "97 ஊற்றுங்கள், போய்விடும்" என்றார்கள். ஊற்றினேன், உண்மையிலேயே போய்விட்டது. ஏழெட்டு மாதம் நிம்மதியாகக் கூடுதல் பணம் கொடுத்தேன். பிறகு ரேடியேட்டர் தண்ணீர் மாற்ற வேறொரு பொமெனிடம் (மெக்கானிக்கிடம்) விட்டபோது, அவர் என்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பாதி திறந்த நிலையில் சிக்கியிருப்பதைக் கழற்றிக் காட்டினார். என்ஜின் இத்தனை நாளும் தேவைக்கு மேல் சூடாக ஓடியிருக்கிறது. அதை மாற்றி, பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியையும் சுத்தம் செய்த பின், அதே வளைவில் 95-லேயே சத்தமில்லை. 97 என் காரின் நோயைத் தீர்க்கவில்லை, மறைத்தது. இதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இன்னும் ஓராண்டு அப்படியே ஓட்டியிருந்தால் என்ஜின் தலைப்பகுதியை அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். எனவே 95-க்கென்று அமைத்த கார் 95-இல் தட்டினால் (நாக்கிங் வந்தால்), முதலில் சூடு, கரி, ஸ்பார்க் பிளக் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்யும் மருந்து பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலில் சேர்க்கும் துப்புரவு இரசாயனம் வேறு, ஆக்டேன் வேறு. பெட்ரோனாஸ், ஷெல், பெட்ரோன், கால்டெக்ஸ், பிஎச்பெட்ரோல் ஆகிய எல்லா நிறுவனங்களும் தங்கள் 95-லும் ஏதோவொரு துப்புரவுக் கலவையைச் சேர்த்தே விற்கின்றன. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் புதிய வகை என்ஜின்களில், காற்று நுழையும் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை. எனவே அங்கே படியும் கரியை எந்த விலைப் பெட்ரோலும் கழுவ முடியாது.

அப்படியானால் யாருக்கு 97 தேவை? கையேடு கட்டாயப்படுத்தும் காருக்கு. கணினியில் அமைப்பை மாற்றித் திறன் கூட்டிய காருக்கு. 98 சிறந்தது என்று எழுதியிருக்கும் டர்போ காரில் ஆள் நிறைந்து, பெட்டி ஏற்றி, நண்பகல் வெயிலில் கெந்திங் மலையோ கேமரன் மலையோ ஏறும் நாளுக்கு. அத்தகைய என்ஜின், தட்டலை உணரும் கருவி எச்சரித்தவுடன் பொறி நேரத்தைத் தள்ளிப்போட்டுத் தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் இழுவை குறைகிறது. 97 இருந்தால் அந்த இழுவை அவ்வளவாகக் குறையாது. அந்த ஒரு பயணத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறு காணமாட்டேன். ரோன் 100 விற்கும் நிலையங்களும் உண்டு. அதுவும் இதே கூட்டத்துக்குத்தான்.

97 தேவைப்படும் காரில் வழியில் 95 மட்டுமே கிடைத்தாலோ, தவறி ஊற்றிவிட்டாலோ பதற வேண்டாம், டேங்கைக் காலிசெய்யவும் வேண்டாம். இரண்டும் கலக்கக் கூடியவை. பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய 96 ஆகும். முழு அழுத்தம் கொடுக்காமல், உயர் கியரில் திணறவிடாமல் நிதானமாக ஓட்டி, டேங்க் பாதியானதும் 97-ஆல் நிரப்பிக்கொள்ளுங்கள்.