மூடிய அண்டாவும் வேறு சில தவறுகளும்: சிறு உணவகம் தொடங்குவோருக்கு

சென்ற மாதம் ஒரு விடியற்காலையில், கடை திறந்து இரண்டு மாதம்கூட நிறையாத ஓர் இளைஞரின் சமையலறையில் நின்றிருந்தேன். முந்தைய நாள் இரவு மிஞ்சிய குழம்பு, அணைத்த அடுப்பின் மேலேயே மூடி போட்டு வைக்கப்பட்டிருந்தது. அண்டாவின் வயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஏழு மணி நேரம் கழிந்த பின்பும் வெதுவெதுப்பாக இருந்தது. மூடியைத் தூக்கியபோது அதன் உட்புறத்தில் கோத்திருந்த நீர்த்துளிகள் திரும்பவும் குழம்பிலேயே சொட்டின. “நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டுத்தான் பரிமாறுவோம், அண்ணா” என்றார் அவர். இதே சொற்களை, இதே நம்பிக்கையோடு, நான் கடை தொடங்கிய இரண்டாம் ஆண்டில் வேறொருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்கம்பக்கத்தார் மாலையில் வந்து உட்கார்ந்து, எதையாவது சாப்பிட்டு, எதையாவது குடித்து, கொஞ்சம் பேசிவிட்டுப் போகும் சிறு உணவகத்தைப் பற்றியே இங்கே பேசுகிறேன். அங்கே வருவோர் நூறு, நூற்றைம்பது பேர்தான். அதே முகங்கள் வாரம் இருமுறை வந்தால்தான் கல்லா நிறையும். ஒருவர் மனம் கோணினால் அவர் வீடும், அவர் சொல்லைக் கேட்கும் நான்கு வீடுகளும் சேர்ந்து போய்விடும். கை கழுவ வேண்டும், மேசையைத் துடைக்க வேண்டும், சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டும் என்பவற்றையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நல்ல மனத்தோடு உழைப்பவர்களும் தெரியாமல் செய்துவிடும் தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நீளமான பட்டியல்

எல்லாருக்கும் பிடித்தது ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று எண்ணித்தான் புதியவர்கள் ஐம்பது, அறுபது வகைகளைப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் பலகையில் எழுதிய ஒவ்வொரு வகைக்கும் ஒரு மூலப்பொருள் குளிர்பெட்டியில் காத்துக்கிடக்க வேண்டும். கேட்பார் இல்லாத வகையின் பொருள்தான் முதலில் வாடும், அதைத் தூக்கி எறிய மனம் வராத கைதான் அடுத்த தவறைச் செய்யும். புதிய வகை ஒன்றைச் சேர்க்கும் முன், அதற்கான பொருள்கள் ஏற்கெனவே உள்ள இரண்டு வகைகளிலாவது பயன்படுகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வகை வேண்டாம். நாள்தோறும் கேட்கப்படும் பன்னிரண்டு வகைகளைப் பிசகாமல் தரும் கடையைத்தான் மக்கள் தங்கள் கடை என்று சொல்கிறார்கள்.

பக்கத்துக் கடையைப் பார்த்து விலை வைப்பது

பக்கத்துக் கடைக்காரருக்கு இடம் சொந்தமாக இருக்கலாம், அவர் வீட்டார் ஊதியமில்லாமல் உழைக்கலாம், அல்லது அவரும் நட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். அவருடைய விலைப்பலகை உங்கள் கணக்கைச் சொல்லாது. பொருள்செலவு விற்பனை விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பரவலாக உள்ள கணக்கு. மீதியில்தான் வாடகை, கூலி, எரிபொருள், மின்சாரம், உடைந்த குவளை எல்லாம் அடங்க வேண்டும்.

இந்தப் பொருள்செலவைக் கணக்கிடுவதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். ஒரு கிலோ காய் வாங்கித் தோலும் காம்பும் நீக்கியபின் 800 கிராம்தான் அடுப்புக்குப் போகிறது என்றால், அந்தக் காயின் உண்மையான விலை நீங்கள் கொடுத்த விலையைப்போல் 1.25 மடங்கு. எலும்பும் கொழுப்பும் நீக்கிப் பாதியே மிஞ்சும் இறைச்சிக்கு அது 2 மடங்கு. ஒரு வாரம் தராசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு எழுதுங்கள். அந்த ஒரு வாரத்தை நான் மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் செய்தேன்.

கடன்

எழுதி வைக்காத கடனைக் கொடுக்காதீர்கள்.

ஆறாத அண்டா

இனி அந்த அண்டாவுக்கு வருகிறேன். இந்தத் தவறைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. செய்பவர் மீது வருவதைவிட, இதைத் தவறென்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லையே என்பதில்தான் அதிகம் வருகிறது.

என் கடையின் இரண்டாம் ஆண்டில், ஒரு விடுமுறை நாள் இரவு வழக்கத்தைவிட அதிகமாகச் சமைத்து, எதிர்பார்த்த கூட்டம் வராமல், முக்கால் அண்டா குழம்பும் ஒரு பெரிய பாத்திரம் சோறும் மிஞ்சின. எல்லாருக்கும் களைப்பு. மூடி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். மறுநாள் கொதிக்க வைத்தோம், சோற்றைத் தாளித்தோம், பரிமாறினோம். மணம் குறையவில்லை, சுவை மாறவில்லை. நானும் சாப்பிட்டுப் பார்த்தேன். அன்று மாலையில் இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு குடும்பத்தில் நான்கு பேருக்கு வாந்தி. அவர்களில் ஒரு சிறுமிக்கு ஆறு வயது. அவள் பிழைத்தெழுந்தாள், ஆனால் இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். அந்தத் தகப்பனார் என் கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. அடுத்த நாளிலிருந்து எதிர்ப்பக்க நடைபாதையில் போகத் தொடங்கினார். பழைய வியாபாரம் திரும்புவதற்கு எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் குடும்பம் திரும்பவேயில்லை.

என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கொதிநிலையில் கிருமிகள் செத்துவிடும் என்பது பாதி உண்மை. பேசில்லஸ் செரியஸ், க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் போன்ற சில கிருமிகள் வித்து வடிவத்தில் உறங்கிக் கிடந்து கொதியையும் தாங்கிக்கொள்கின்றன. சூடு தணியும்போது அந்த வித்துகள் விழித்து முளைக்கின்றன. கொதித்த குழம்பிலிருந்து காற்று வெளியேறிவிடுவதால், காற்றில்லாத இடத்தை விரும்பும் பெர்ஃப்ரிஞ்சென்ஸுக்கு அண்டாவின் நடுப்பகுதி இயல்பாகவே அமைந்துவிடுகிறது. 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெதுவெதுப்பில் அது ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக் கூடியது. இரட்டிப்பு தடையின்றி நடந்தால் மூன்று மணி நேரத்தில் ஒன்று 2,62,144 ஆகும். அந்த இளைஞரின் அண்டாவில் என் புறங்கைக்குத் தெரிந்த வெதுவெதுப்பு அதற்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

“மறுநாள் கொதிக்க வைத்துவிடுவோம்” என்ற நம்பிக்கை உடையும் இடம் சோறு. பேசில்லஸ் செரியஸ் சோற்றில் வளரும்போது செரியுலைடு என்ற நஞ்சை விட்டுச்செல்கிறது. கிருமி செத்தாலும் நஞ்சு சாகாது. 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அது அழிவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்த அடுப்பிலும் எந்தத் தாளிப்பிலும் அதை நீக்க முடியாது. பிரிட்டனில் 1970களின் தொடக்கத்தில், உணவகங்களில் வேகவைத்து வெளியே வைத்திருந்த சோற்றை மறுநாள் வறுத்துக் கொடுத்ததால் தொடர்ச்சியாகப் பலர் வாந்தியெடுத்ததிலிருந்துதான் இந்த நோய் தெளிவாக அடையாளம் காணப்பட்டது. 2008இல் பெல்ஜியத்தில் 20 வயது மாணவர் ஒருவர் ஐந்து நாள் வெளியே கிடந்த நூடுல்ஸ் வகை உணவைச் சூடாக்கிச் சாப்பிட்டு, அன்றிரவே உறக்கத்தில் இறந்துபோனார்; அவர் உண்ட உணவில் பேசில்லஸ் செரியஸ் ஏராளமாக இருந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் அண்டாவை அப்படியே குளிர்பெட்டிக்குள் தூக்கி வைத்துவிடலாமே என்று கேட்பார்கள். கூடாது. கெட்டியான உணவில் வெப்பம் வெளியேற எடுக்கும் நேரம் ஏறத்தாழ அதன் ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது; ஆழத்தைப் பாதியாகக் குறைத்தால் நேரம் நான்கில் ஒரு பங்காகும். நிறைந்த அண்டா குளிர்பெட்டிக்குள் இருந்தாலும் அதன் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். போதாக்குறைக்கு, பக்கத்திலிருக்கும் பாலையும் இறைச்சியையும் சேர்த்துச் சூடாக்கிவிடும். மறுபுறம், முற்றிலும் ஆறிய பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும் என்று இரவெல்லாம் மேடையில் விட்டுவிடுவதும் அதே தவறுதான்.

எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டதே ஆபத்தான எல்லை. உணவகங்களுக்குப் பல நாடுகளில் சொல்லப்படும் விதி இரண்டு கட்டங்களைக் கொண்டது: 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். கிருமிகள் மிக வேகமாகப் பெருகும் வெதுவெதுப்பு முதல் கட்டத்தில் இருப்பதால்தான் அதற்குக் குறைந்த நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

என் சமையலறையில் அதன்பிறகு நடப்பது இது. அடுப்பை அணைத்தவுடன் மிச்சத்தை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேற்படாமல் அகலத் தட்டுகளில் பிரிக்கிறோம். நீர்த்த குழம்பாக இருந்தால், பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் பாத்திரத்தை நிறுத்தி, வெளியே உள்ள தண்ணீர் உள்ளே உள்ள குழம்பின் மட்டத்துக்கு வரும்படி பார்த்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிளறுகிறோம். சூடு முழுக்க இறங்கும்வரை மூடியை இறுக்கிச் சாத்துவதில்லை. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் இல்லை. வெப்பமானியை நடுப்பகுதியில் குத்திப் பார்த்து, நேரத்தையும் அளவையும் சுவரில் தொங்கும் தாளில் எழுதுகிறோம். நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குவளையில் அந்த வெப்பமானி 0 டிகிரி காட்டுகிறதா என்று வாரம் ஒருமுறை சோதிக்கிறோம். இரண்டு மணி நேரத்தில் 21க்கு வராத உணவு அன்றிரவே குப்பைக்குப் போகும். அதைப்பற்றி யாரும் என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

கூடவே இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். மிச்சத்தை ஆறவைப்பது எப்படி என்பதற்கு முன், மிஞ்சும்படி ஏன் சமைத்தோம் என்று கேட்க வேண்டும். இரவு எட்டரைக்குமேல் பெரிய அண்டா அடுப்பேறுவதில்லை. ஒன்பதரைக்கு வந்த ஒருவரிடம் “அது தீர்ந்துவிட்டது, இது சூடாக இருக்கிறது” என்று சொல்வதால் எந்தக் கடையும் மூடிப்போகாது.

அந்த இளைஞர் என் கண்முன்னாலேயே குழம்பைக் கொட்டினார். கொட்டும்போது அவர் முகம் வாடியது எனக்குத் தெரியும். அன்றைய வருமானத்தில் கால்பங்கு அது. இருந்தும் கொட்டினார்.

குவளையால் பனிக்கட்டி அள்ளுவது

கூட்டம் நெரிக்கும்போது பனிக்கட்டிப் பெட்டிக்குள் கண்ணாடிக் குவளையையே விட்டு அள்ளிவிடுவார்கள். சற்றுமுன் வெந்நீரில் கழுவிய குவளையாக இருந்தால் விரிசல் விழவும் விளிம்பு தெறிக்கவும் ஒரு நொடி போதும். தெறித்த சில்லைப் பனிக்கட்டிகளுக்கு நடுவே எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படி நடந்துவிட்டால் பெட்டியிலுள்ள எல்லாவற்றையும் வெந்நீர் ஊற்றிக் கரைத்து, துடைத்து, மறுபடி நிரப்புவதைத் தவிர வேறு வழியில்லை. உச்சக் கூட்டத்தில் அதைச் செய்ய எவருக்கும் மனம் வராது, எனவே செய்யாமல் விட்டுவிடுவார்கள். கைப்பிடியுள்ள உலோக அல்லது பிளாஸ்டிக் கரண்டி ஒன்றை வாங்கி, பெட்டிக்கு வெளியே தனி உறையில் வையுங்கள். பெட்டிக்குள்ளேயே போட்டு வைத்தால் பிடித்த கைகளின் அழுக்கெல்லாம் பனிக்கட்டியில் சேரும். பனிக்கட்டியும் ஓர் உணவுதான் என்பதைக் கடையில் வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கையுறை

அதைப் போட்டுக்கொண்டே கல்லாவைத் தொடுவதானால், கழற்றிவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

கூட்டம் ஏற ஏறப் பாட்டை ஏற்றுவது

சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவர் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதி வைத்தார். அவர் பெயராலேயே இன்றும் அந்த இயல்பு அழைக்கப்படுகிறது. ஒரு மேசையார் குரலை உயர்த்தினால் அடுத்த மேசையாரும் உயர்த்துவார்கள். அப்போது பாட்டுக் கேட்கவில்லை என்று அதையும் ஏற்றினால், அரைமணி நேரத்தில் கடை முழுவதும் கத்தத் தொடங்கிவிடும். பேசுவதற்காக வந்த வயதானவர்கள்தான் முதலில் எழுந்து போவார்கள். காரணத்தையும் சொல்ல மாட்டார்கள். ஓடுகளும் கண்ணாடியுமாக இருக்கும் சிறிய அறையில் ஒலி மோதித் திரும்பும் என்பதால் கனமான திரைச்சீலையும் மேசை விரிப்பும் ஓரளவு உதவும். கூட்டம் ஏறும்போது பாட்டைக் குறையுங்கள்.

குறை சொல்ல வந்தவரோடு வாதாடுவது

ஒருவர் வந்து, உங்கள் கடையில் சாப்பிட்டதிலிருந்து வயிறு சரியில்லை என்று சொன்னால், அன்று அதே உணவை நாற்பது பேர் சாப்பிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். நானும் சொல்லியிருக்கிறேன். மற்ற முப்பத்தொன்பது பேர் உங்களிடம் வந்து சொல்லவில்லை என்பதற்கு மேல் உங்களுக்கு எதுவும் தெரியாது.

கடைசியாகச் சாப்பிட்ட உணவின் மீதே எல்லாரும் பழி போடுவது உண்மைதான். ஆனால் அதைத் தீர்மானிக்க நேரக் கணக்கு வேண்டும். செரியுலைடு நஞ்சு அரைமணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியை வரவழைக்கிறது. பெர்ஃப்ரிஞ்சென்ஸ் 6 முதல் 24 மணி நேரம் கழித்தே வயிற்றுப்போக்கைத் தருகிறது. ஆகவே எப்போது வந்தார், எதைச் சாப்பிட்டார், எத்தனை மணிக்குத் தொல்லை தொடங்கியது, உடன் வந்தவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த உணவு இன்னும் கடையில் இருந்தால் பரிமாறுவதை அக்கணமே நிறுத்தி, ஒரு பிடியைச் சுத்தமான டப்பாவில் மூடிக் குளிர்பெட்டியில் தனியே வையுங்கள்; பரிசோதிக்க வேண்டி வந்தால் அது ஒன்றுதான் பேசும். குழந்தையோ, முதியவரோ, கருவுற்றவரோ என்றால் மருத்துவரிடம் உடனே போகச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே அழைத்துப் போங்கள். மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். எதிர்ப்பக்க நடைபாதையில் நடந்துபோன அந்தத் தகப்பனாரின் வீட்டுக்கு நான் அப்போது போகவில்லை.