மாண்டரின் வாக்கியத்தில் எழுவாயைத் தேடுவோர் செய்யும் தவறுகள்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு மாண்டரின் சீனம் கற்பவர்களின் பிழைகளில் பல, ஒரே நம்பிக்கையிலிருந்து கிளைக்கின்றன. வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் பெயரே எழுவாய், எழுவாயே செயலைச் செய்பவர் என்பதே அந்த நம்பிக்கை. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று பாடநூல்கள் முதலில் கற்பிக்கும் வரிசை பொய்யன்று. "வோ ச்சி ஃபான்" (நான் சோறு உண்கிறேன்) அதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் அதை மட்டுமே நம்பிச் செல்பவர் "ஜீ பு ச்சி ல" என்ற நான்கு அசைகளில் இடறுவார். ஜீ என்றால் கோழி, பு எதிர்மறை, ச்சி உண்ணுதல், ல நிலைமை மாறியதைக் காட்டும் இடைச்சொல். கோழி இரையெடுப்பதை நிறுத்திவிட்டாலும் இதே தொடர்தான். விருந்தில் ஒருவர் கோழிக்கறி இனி வேண்டாம் என்று மறுத்தாலும் இதே தொடர்தான். தமிழில் 'உண்ணாது', 'உண்ணமாட்டேன்' என்று வினையின் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சீன வினைக்கு அத்தகைய விகுதி கிடையாது. பெயருக்கு வேற்றுமை உருபும் கிடையாது.

முதலிடத்தை 'யார் செய்தார்' என்பதற்குரிய இடமாக அல்லாமல், 'எதைப் பற்றிப் பேசுகிறோம்' என்பதற்குரிய இடமாகக் கொள்வதே சரி. சீன எழுவாயையும் பயனிலையையும் பேசுபொருள், அதைப் பற்றிய கூற்று என்றே கொள்ள வேண்டும் என்று மொழியியலாளர் ஜாவ் யுவன்ரன் 1968-இல் வெளியான தம் இலக்கண நூலில் விளக்கினார். 1976-இல் மொழியியலாளர்கள் சார்ல்ஸ் லீயும் சாண்ட்ரா தாம்ப்சனும் சீனத்தைப் பேசுபொருள் முதன்மை பெறும் மொழி என்று வகைப்படுத்தினர். "தாஷ்யாங் பீட்ஸ சாங்" என்பதில் யானை, மூக்கு, நீளம் என்று மூன்று சொற்கள் ஒட்டின்றி நிற்கின்றன. 'யானைக்குத் தும்பிக்கை நீளம்' என்று தமிழ் நான்காம் வேற்றுமையால் சொல்வதைச் சீனம் இடத்தால் சொல்கிறது. இங்கே 'யானையின்' என்ற பொருள் வரும்படி "த" என்ற சொல்லைச் சேர்த்துத் திருத்த வேண்டும் என்று பலருக்குத் தோன்றும். அப்படிச் சேர்த்தால் இலக்கணம் கெடாது. ஆனால் பேச்சு யானையை விட்டுத் தும்பிக்கைக்கு மாறிவிடும்.

இதைவிடக் கடுமையான சோதனை "வாங் மியன் ஸ்ஸ ல ஃபூச்சின்" என்ற தொடர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் வாங் மியன், இறந்தார், தந்தை என்று வரும். மகனான வாங் மியனைச் செய்பவராகக் கொண்டால், அவர் தந்தையைக் கொன்றார் என்றுகூடப் பொருள் கொள்ள நேரும். இறந்தவர் தந்தை, அந்த இழப்புக்கு உள்ளானவர் மகன், ஆகவே அவர் முன்னே நிற்கிறார். சீன இலக்கண அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டுவரும் தொடர் இது. சீன அறிஞர் மா ஜியன்ஜோங் இலத்தீன் இலக்கணத்தைப் பின்பற்றி 1898-இல் எழுதிய நூலுக்குப் பிறகு எழுவாய் என்ற கருத்து அங்கே ஒருபோதும் அமைதியாக இருக்கவில்லை. 1955-56-இல் எழுவாயையும் செயப்படுபொருளையும் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. எனவே மாணவர் குழம்புவதில் வியப்பில்லை.

வினைக்கு முன்னும் பின்னும் பெயரை மாற்றி வைப்பதை வெறும் நடை வேறுபாடாகக் கருதுவதும் தவறு. "கெரென் லாய் ல" என்றால் நாம் எதிர்பார்த்திருந்த விருந்தினர் வந்துவிட்டார். "லாய் கெரென் ல" என்றால் யாரோ விருந்தினர் வந்திருக்கிறார். அறிந்தது வினைக்கு முன்னும், அறியாதது பின்னும் வருவதே இயல்பு. ஆகவே 'யாரோ உங்களைத் தேடுகிறார்' என்று சொல்லும்போது யாரென்று தெரியாத அந்த ஆளை நேரடியாக முதலில் வைப்பதில்லை. 'இருக்கிறது' என்ற பொருளுடைய "யோவ்" என்ற சொல்லை முன்னே வைத்து "யோவ் ரென் ஜாவ் நி" என்பார்கள்.

தமிழருக்கே உரிய பொறி "பா" என்ற சொல்லில் இருக்கிறது. அது செயப்படுபொருளை வினைக்கு முன் கொண்டுவருவதால், இரண்டாம் வேற்றுமை 'ஐ' கிடைத்துவிட்டது போலத் தோன்றும். 'நான் புத்தகத்தை மேசைமேல் வைத்தேன்' என்பதற்கு அது பொருத்தமானதே, ஏனெனில் புத்தகத்தின் இருப்பிடம் மாறியிருக்கிறது. 'நான் அவரை விரும்புகிறேன்' என்பதில் அவருக்கு எதுவும் நேரவில்லை. எனவே "வோ பா தா ஷீஹ்வான்" என்பது பிழை, "வோ ஷீஹ்வான் தா" என்பதே சரி.

காலமும் இடமும் வரும் வரிசையில் தமிழ் நமக்குத் துணை நிற்கிறது. 'நான் நேற்றுச் சந்தையில் மீன் வாங்கினேன்' என்பதைப் போலவே சீனத்திலும் இரண்டும் வினைக்கு முன் வரும். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்களே அவற்றைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். கால அளவு மட்டும் விலக்கு. 'மூன்று ஆண்டுகள் படித்தேன்' என்பது "வோ ஷுவே ல சான் நியன்" ஆகும். அங்கே மூன்று ஆண்டுகள் வினைக்குப் பின்னரே வரும்.